என் குரலில் ஒரு பசாசு

இந்த ஏப்ரலில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் குரலைக் கேட்கப் போனேன். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. குரல்நாணில் கட்டி. "பழைய குரல் திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "பேச்சு வரும்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

என் தொழில் டப்பிங். இருபத்தெட்டு வருடமாக வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறேன். கதாநாயகன் ஒரு தடவைகூட எனக்கு வாய்க்கவில்லை. அடித்தொண்டைக்காரன் என்பதால் பேய், பிசாசு, சாத்தான் எல்லாம் வரிசை கட்டி என்னிடமே வந்தன. மூலப் படத்தில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நம்மிடம் பேய், பிசாசு, பூதம், முனி, மோகினி, சைத்தான் என்று ஊர்ப்பட்டது இருப்பதால், எது உதட்டசைவுக்குப் பொருந்தும் என்பதிலேயே பாதி நாள் போய்விடும். மழை கொட்டினால் பேய்மழை, கசந்து தொலைத்தால் பேய்ச்சுரை. அளவு மீறியது எதுவானாலும் அதன் தலையில் ஒரு பேயை ஏற்றிவிடுகிற மொழி நம்முடையது. வீட்டில் கோபம் வந்தால் என் மனைவி "பிசாசே" என்பாள். தொழில்முறையில் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், இந்தக் கிராமத்துக் கோயில்காரர்கள் தங்கள் பாஸ்கா நாடகத்துக்குச் சென்னையில் ஒலிப்பதிவு செய்தார்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம். பேச்சை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, மேடையில் நடிகர்கள் வாயசைப்பார்கள். அதில் பசாசு நான். பழைய கிறிஸ்தவத் தமிழில் பிசாசுக்கு அதுதான் பெயர். ஒரே மதியத்தில் பேசி முடித்துவிட்டு, அடுத்த படத்துக்கு ஓடினேன். அப்புறம் அந்த ஊரை நான் நினைக்கவே இல்லை.

ஜனவரியில் அந்த ஊர் உபதேசியார் போன் செய்தார். கோயில் காரியங்களையும் நாடகத்தையும் பார்த்துக்கொள்கிறவர். சீடி கீறல் விழுந்துவிட்டது, வேறு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கரகரத்துப்போன என் குரலைக் கேட்டுத் திகைத்து, "நீங்கதான் பேசுறீங்களா?" என்றார். ஸ்டுடியோவில் கேட்டுப் பிரதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, கட்டி விவகாரத்தையும் சொன்னேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நடை வந்துட்டுப் போங்க. ஒங்களுக்கு ஒண்ணு செய்ய விட்டுட்டோம்ங்க. நேர்ல சொல்றேன்" என்றார்.

மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகவே கிளம்பினேன். வெள்ளி இரவு சென்னையில் பஸ் ஏறி, சனி காலை 6.10க்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கட்டணம் 480 ரூபாய். லாட்ஜில் அரை நாளுக்கு 500. குளித்து, இரண்டு இட்லியும் பொங்கலும் சாப்பிட்டேன் (75 ரூபாய், சட்னி பிரமாதம்). நாடகம் மாலை நாலரைக்குத்தான். கையில் நேரம் இருந்ததால் தெற்கே இருபது கிலோமீட்டரில் இருக்கும் திருமயத்துக்கு பஸ் பிடித்தேன். நாற்பது நிமிடம்.

திருமயத்தில் எல்லோரும் கோட்டைக்கு ஏறுவார்கள். நீங்கள் முதலில் அதே குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். குகைக்குள் பாறையையே குடைந்து செய்த பள்ளிகொண்ட பெருமாள். ஒரே பார்வையில் அடங்கமாட்டார். தலையிலிருந்து கால்வரை பார்க்க நானே நகர்ந்து நகர்ந்து போகவேண்டியிருந்தது. கால்மாட்டில் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள். தூங்குகிற பெருமாளைத் தாக்க வந்தவர்கள். அவரை எழுப்பாமல், படுக்கையாக இருக்கும் ஆதிசேஷன் தானே விஷமூச்சை விட்டு விரட்டுகிறது. அந்த மூச்சு தீயாகப் பாறையில் பொங்கி நிற்கிறது. மூச்சைக் கல்லில் செதுக்க ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று வாயடைத்து நின்றேன். மூச்சை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அர்ச்சகர் இன்னொன்றும் சொன்னார்: சொல்லாமல் செய்துவிட்டோமே என்று பாம்பு கூசிப்போனதாம், பெருமாள்தான் தேற்றினாராம். அசுரனை விரட்டியதற்கும் ஒரு கூச்சம்! நான் அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

புதுக்கோட்டைக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டேகாலுக்குத் திருச்சி சாலையில் வடக்கே பஸ் ஏறினேன். நார்த்தாமலை விலக்கில் இறங்கி, அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ. 250 ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார்.

"பசாசு பாக்கவா? ஏறுங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"வருசா வருசம் பாப்போம்ங்க. எங்க ஊர்ல முனிக்குச் சுருட்டு வப்போம், கெடா வெட்டுவோம். இங்கிட்டு என்னடான்னா பசாசு வேசம் போடுறவரு நாப்பது நாளு பட்டினி கெடக்காரு. நேர்மாறா இருக்கு. ஆனா பயம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

ஊர் சின்னது. கோயில், நூறு வீடு, ஒரு கண்மாய், கண்மாய்க்கரையில் யானை படுத்த மாதிரி ஒரு மொட்டைப் பாறை. அந்தப் பாறைதான் மேடை. உபதேசியார் மோர் கொடுத்து உட்கார வைத்தார். பசாசாக நடிப்பவர் சவரிமுத்து, கிணறு வெட்டும் வேலைக்காரர், ஐம்பது வயதிருக்கும் என்றார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, பீடிகூடக் கிடையாது.

"ஆண்டவரா நடிக்கிறவருக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கு அம்புட்டுக் கட்டுப்பாடு இல்லங்க. அவரு நல்ல எடத்துக்குத்தான போறாரு? இவரு போற எடம் அப்படியா?"

முகத்தில் கரி பூசியதிலிருந்து அவர் பெயரை யாரும் சொல்லக்கூடாது, மனைவிகூட. பசாசு இயேசுவைச் சோதிக்கும் காட்சியில் தோற்றதும் அவர் பாறையிலிருந்து இறங்கி ஓடிக் கண்மாய்க்குள் முங்கவேண்டும். கரையிலிருந்து சொந்த வீட்டு ஆள் ஒருவர் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிடவேண்டும். மூன்று தடவையும் அவர் "வாரேன்" என்று பதில் சொல்லித்தான் மேலேறலாம். பொழுது சாய்வதற்குள் இது நடந்தாகவேண்டும். இல்லாவிட்டால் போட்ட வேஷம் உள்ளேயே தங்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினோரு வருசமா ஒடம்பைக் கூப்பிட்டுட்டோம். கொரலைக் கூப்பிடவே இல்ல. அது ஒங்களதுன்னு எங்க யாருக்குமே தோணல. ஒங்களுக்குத் தொண்டையில கட்டின்னதும் சவரிமுத்து, அவரைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி நான் கரி பூச மாட்டேன்னுட்டாரு."

நான் சாமி பூதம் நம்புகிறவன் இல்லை. இருபத்தெட்டு வருடம் கத்தினால் எந்தத் தொண்டையும் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுவும் இருக்கட்டும்ங்க, இதுவும் இருக்கட்டும்" என்றார்.

சரியாக 4.35க்கு ஒலிபெருக்கி கரகரத்தது. பாறைக்குப் பின்னாலிருந்து சவரிமுத்து ஏறிவந்தார். உடம்பு முழுக்கக் கரி. பட்டினியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தன. அவர் வாய் திறந்தது. என் குரல் வந்தது.

ஏசி அறையில், கையில் காகிதத்தோடு பேசிய வசனம் அது. இப்போது அது வெயிலில் சுட்ட பாறைமேல், ஒரு கிணறுவெட்டியின் பசித்த வயிற்றிலிருந்து கிளம்பி, கண்மாயைத் தாண்டி எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் புகுந்துகொண்டன. என் பக்கத்தில் இருந்த பெரிய மீசைக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. என் குரலுக்கு நானே பயந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தேன். அவ்வளவு நல்ல குரல் என்னிடம் இருந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது சோதனை. உலகத்தையே காட்டி, என்னை வணங்கினால் இத்தனையும் உனக்கு என்று பசாசு ஆசை காட்டும் இடம். வசனத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஓர் இருமல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. அது நாடகத்தில் இல்லை. அன்றைக்குச் சூடான டீயை அவசரமாகக் குடித்து, நான் இருமிய இருமல். வெட்டி எறிய மறந்திருக்கிறார்கள். ஆனால் பாறைமேல் சவரிமுத்து அந்த இருமலுக்குத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டது. "பொய்யி தொண்டையில சிக்கிக்குது பாத்தீங்களா? பசாசே விழுங்க முடியாத பொய்யி" என்று மீசைக்காரர் எனக்கு விளக்கினார். அது டீ என்று எந்த வாயால் சொல்வேன்? என் கவனக்குறைவை இந்த ஊர் பதினொரு வருடமாகப் பக்தியோடு நடித்திருக்கிறது. நானும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

தோற்ற பசாசு அலறிக்கொண்டு கண்மாய்க்குள் ஓடியது. தண்ணீர் இடுப்பளவுதான். அவருடைய அக்கா கரையில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று "வாரேன்." அதுதான் அவருடைய சொந்தக் குரல், மெல்லிசாக, புல்லாங்குழல் மாதிரி. நாடகத்துக்கு அந்தக் குரல் எடுபடாது என்றுதான் என்னைத் தேடியிருக்கிறார்கள். மேலேறி முகம் துடைத்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"எறங்குங்க அண்ணே. பொழுது போகுது."

சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அப்போதுதான் பிரச்சினை வந்தது. சொந்த வீட்டு ஆள்தான் கூப்பிடவேண்டும். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பாட்டுக்குழுவில் இருந்த ஒரு பெண் வேறு, "இவரக் கூப்பிட்டுட்டா சீடியில இருக்குற கொரலும் போயிருமா?" என்று கேட்டார். கரையில் ஒரே விவாதம். வெயில் பாறை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நம்பாத எனக்கு, நடுத்தண்ணீரில் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு வருடமாகச் சோறு போட்ட ஒரே பொருளை ஒரு கத்தியிடம் கொடுக்கப்போகிறேன் என்ற பயம், அதுவரை நான் யாரிடமும் சொல்லாத பயம், அங்கே வந்து பிடித்துக்கொண்டது.

சவரிமுத்து கரை விளிம்புக்கு வந்தார். "ஒடம்பு நான் குடுத்தேன், கொரலு இவரு குடுத்தாரு. ஒரே பசாசு. அப்ப நாங்க ஒரே வீடுதான?" உபதேசியார் தலையசைத்ததும் சவரிமுத்து என் பக்கம் திரும்பினார். "ஒங்க ஆத்தா என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"குமரா" என்றேன். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"சத்தமாப் பதில் சொல்லணுமா? டாக்டர் கத்தக்கூடாதுன்னாரு" என்று கேட்டேன்.

"தண்ணிக்குக் கேட்டாப் போதும்ங்க."

அந்த மெல்லிய குரலில், ஊரே பார்க்க, அவர் கூப்பிட்டார். "குமரா!" வாரேன் என்றேன். காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை, உடைந்த பானையைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் குனிந்து என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். சவரிமுத்துவின் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே செம்பில் உப்புக்கஞ்சி கொடுத்தார். நாற்பது நாள் பட்டினி கிடந்தவர் முதல் மடக்கை எனக்குத் தந்துவிட்டுத்தான் குடித்தார். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டோ ஏறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், கூட்டம் சேர்ந்தால் வேடிக்கையாகிவிடும் என்பதால். ஆனால் அந்த வாரங்களில் நார்த்தாமலைப் பக்கம் பல ஊர்களில் பாஸ்கா நடக்கும். விலக்கில் நிற்கும் ஆட்டோக்காரர்களைக் கேளுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், ஏப்ரல் வெயில் அந்தப் பாறைகளில் பொரிக்கும். கரி பூசியவரைப் படம் எடுக்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள். திருமயம் கோயிலுக்குப் பன்னிரண்டு மணிக்கு முன் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். உள்ளே செதுக்கல்களைத் தொட வேண்டாம். போகவர, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம் வாய் திறக்கக்கூடாது என்றார்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த மௌனத்தில் எழுதியது. நேற்று பேசச் சொன்னார் டாக்டர். பேசினேன். பழைய குரல் இல்லை. மெலிந்து, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் குரல் மாதிரி இருக்கிறது. அடித்தொண்டை இனி வராது என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். சாத்தான் வேலை இனி எனக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன்.

"யாரு பேசுறது?" என்றார். அடையாளம் தெரியவில்லை. சொன்னேன். குரல் போய்விட்டது என்றும் சொன்னேன்.

"போகலண்ணே. அது பசாசு கொரலு, எங்ககிட்ட பத்திரமா இருக்கு. இப்பப் பேசுறீங்கள்ல, இதத்தான நாங்க கூப்பிட்டோம்?" என்றார்.