வளைவைத் தாண்டி ஒரு துளை

மாமாவுக்குத் துபாய் விசா வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அவரைத் தவிர. அம்மாவின் தம்பியான அவருக்குப் பம்மலிலேயே கார் ஒர்க்‌ஷாப் போட ஆசை. அதற்கு என் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தோல் குடோனில் முன்பக்க ஷெட் வேண்டும். அத்தா லேசில் மசியவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: அத்தாவின் கிழட்டுக் காரை மாமா பறக்கவைத்துக் காட்டினால் ஷெட், இல்லாவிட்டால் விமானம்.

தாம்பரம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காகப் படித்துவிட்டு, மாமா எங்கிருந்தோ ஒரு நைட்ரஸ் சிலிண்டரோடு வந்தார். எஞ்சின் இழுக்கும் காற்றில் அந்த வாயுவைச் சேர்த்தால் வண்டி எகிறுமாம். சேர்ப்பதற்கு விரல்நுனி அளவில் ஒரு நாசில். காற்றுக்குழாயில் அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் பேஜார். இருப்பது ஒரே குழாய். ஓட்டை போட்டால் போட்டதுதான்.

"வளைவுல வச்சிரலாம். கை போறதுக்கு வசதியா கீது," என்றார் மாமா.

நான் அப்போது ஏழாவது. அறிவியல் புத்தகம் தலைக்கேறியிருந்த வயது.

"காத்து எப்படிப் போகுதுன்னு பாக்காமலே ஓட்டை போடுவீங்களா மாமா?"

"காத்தை எப்டிடி பாக்கறது? கண்ணாடி போட்டுக்கினா?"

அன்று வியாழக்கிழமை. அம்மா வழக்கம்போல வீடெல்லாம் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். நான் தூபக்காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அது வீட்டுக்குடி, வண்டிக்கு இல்ல!" என்று அம்மா பின்னாலேயே கத்தினார்.

தண்ணீர் பாட்டில்களை வெட்டி ஒட்டி, அதே வளைவோடு ஒரு குழாய் செய்தோம். ஒரு முனையை, எஞ்சின் மாதிரியே காற்றை இழுக்கும் டேபிள் ஃபேனின் முதுகில் வைத்து, மறுமுனையில் சாம்பிராணியைக் காட்டினேன். வளைவில் புகை ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டது. வளைவைத் தாண்டி, எஞ்சினுக்குச் சற்று முன்னால் குழாய் நேராகும் இடத்தில்தான் சீராகப் பரவியது. மாமா மார்க்கரை என் கையில் கொடுத்து, அசல் குழாயில் புள்ளி வைக்கச் சொன்னார். அங்கேதான் நாசில் உட்கார்ந்தது, எஞ்சினைப் பார்த்தபடி.

ஞாயிறு காலை, வீடுகள் இன்னும் முளைக்காத ஒரு மனைப்பிரிவின் நீளமான தெரு. முன்சீட்டில் அத்தா, பின்னால் நான்.

"மச்சான், கெட்டியா புடிச்சிக்கோங்க."

மாமா நைட்ரஸ் பட்டனை அமுக்கினார். ஷேர் ஆட்டோவுக்கே வழிவிடும் அந்தக் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. அத்தாவின் தொப்பி பறந்து என் மடியில் விழுந்தது. எல்லைக்கற்கள் கோடாக ஓடின.

வண்டி நின்றது. அத்தா நெஞ்சில் கை வைத்திருந்தார், கண்ணில் நீர். மாமாவின் முகம் அப்போதே துபாய்க்குப் போய்விட்டது.

"வண்டியைத் திருப்பு," என்றார் அத்தா.

"வூட்டுக்கா மச்சான்?"

"இல்ல. நீ இந்தப் பக்கம் வா. இந்த வாட்டி நான் ஓட்டறேன்."

அன்று மாலையே ஷெட்டின் சாவி மாமாவின் கைக்கு வந்தது. எந்தச் சோதனையையும் இரண்டு தடவை செய்து பார்க்க வேண்டும் என்று அத்தாவுக்குத் தெரிந்திருந்ததில் எனக்குப் பெருமை. அதை அவரிடமே சொன்னேன். "ஆமாம்மா, சரிபார்க்கணும்ல," என்றார். சரிபார்க்கிற மனுஷர், தொப்பியைத் திரும்பக் கேட்கக்கூட மறந்து, அந்தத் தெருவின் கடைசிவரை ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டே ஓட்டினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.