சொல்லாமல் விட்ட மாத்திரை

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர் சிதம்பரத்தில் அண்ணனோடு இருந்தார். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் முதல் கண்ணுக்கு நான்தான் அவரைக் கடலூருக்கு அழைத்து வந்தேன். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி.

"வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பிரஷருக்கு மட்டுந்தாம்மா" என்றார்.

அந்தப் பார்வை எனக்கு உறுத்தியது. அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அவ்ளோதான். சும்மா நோண்டாத" என்று வைத்துவிட்டான்.

ஆபரேஷன் அன்று அப்பாவுக்குப் பிறகு உள்ளே போனவர்கள்கூடக் கண்ணில் கட்டோடு வந்துவிட்டார்கள். அவர் மட்டும் வரவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்தார்.

"ஒண்ணுக்குப் போறதுக்கு ரொம்ப நாளா மாத்திரை சாப்பிடுறாராம், இப்பதான் சொல்றாரு. அந்த மாத்திரையால கண்ணு பாப்பா சரியா விரியல, உள்ள இருக்கிற திரை தொளதொளன்னு ஆயிடுச்சி. லென்ஸ் வைக்கிற பை கிழிஞ்சிடுச்சி. முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்குன்னு மருந்து போட்டுட்டு ஆரம்பிச்சிருப்பமே."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ள முன்னாடி அத எப்பிடி சொல்றது?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கிக் கொடுத்தது அண்ணன். அவனிடம் கேட்டதற்கு, "நீதான கூட்டிட்டுப் போன, நீதான் பாத்துக்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் என் வீட்டில்தான் இருந்தார். சொட்டு மருந்து விட்டேன், தலையில் தண்ணீர் படாமல் குளிக்க வைத்தேன். அந்தக் கண்ணில் மங்கல் போகவே இல்லை.

இரண்டாவது கண்ணை அண்ணன் சிதம்பரத்திலேயே காட்டினான். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னான், முதல் கண்ணில் நடந்தது உட்பட. அங்கே முன்கூட்டியே சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். ஆபரேஷன் தொடங்கும்போது பாப்பா சுருங்காமல் இருக்கக் கண்ணுக்குள்ளும் மருந்து போட்டார்களாம். பார்வை நன்றாக வந்துவிட்டது.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன். எதிரே இருந்த மாமா கண்ணைப் பற்றி விசாரித்தார்.

"மவன் காட்டுன கண்ணு பளிச்சுனு தெரியுது மச்சான். மவ காட்டுன கண்ணுதான் போச்சு" என்றார் அப்பா.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் குனிந்த தலை நிமிராமல், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.