சவரிமுத்துவின் சீட்டில் அடைத்த நார்

எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தேன். பக்கத்து ஊர் நாசரேத்தின் மிஷன் பள்ளியில் படித்தவன் என்பதால் என் பேச்சை முதலாளிமார் நம்புவார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒரு டிரைவரின் வேலையைக் கெடுத்தேன்.

அப்போது குஷனுக்குப் பழைய கப்பல் வடத்தைப் பிரித்து அடைப்போம். முறுக்கேறிய தேங்காய் நார் அமுங்கி எழும்பும். ஆனால் கடலில் ஊறிய நார். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவைத்து, ஓர் இழையை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கரித்தால் மறுபடி அலச வேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தை இழுத்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

சங்கு எடுக்கக் கடலில் குளிக்கும் குடும்பத்திலிருந்து டிரைவர் வேலைக்கு வந்தவன் சவரிமுத்து. அவன் முதலாளியின் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்த அன்று, தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. கடையில் ஒரே அலசல் கண்ட நார்தான் கிடந்தது. அவனுக்கோ நிலைகொள்ளவில்லை.

"அண்ணாச்சி, கப்பல் வந்தாச்சு. சாயங்காலம் வண்டி போகலன்னா முதலாளி என்னய ஊறுகா போட்டுருவாரு."

"ஏலே, நீ இங்கன குதிச்சா ஊசி வேகமா ஓடுமாக்கும்?"

"நார நாக்குல வச்சுப் பாத்தியளா?"

"பாத்தாச்சு."

பார்க்கவில்லை. புது ரெக்சினை இழுத்து மூடித் தைத்தேன்.

"மாப்பிள்ள சோபா கணக்கால்லா இருக்கு!" என்று ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தான்.

மழைக்காலம் முடிந்ததும் முதலாளியே அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். முறிந்த ஸ்பிரிங் அவன் தொடையைக் கிழித்திருந்தது. சீட்டைப் பிரித்தேன். உள்ளே எல்லாம் துரு.

"புது சீட்டு எப்படிய்யா இத்துப்போச்சு?" என்றார்.

ஓர் இழையை நாக்கில் வைத்தேன். கரித்தது.

"சங்கு குளிக்கிற ஆள ஈர உடம்போட ஏத்தியிருக்கான், முதலாளி. கடத்தண்ணி எறங்கியிருக்கு."

"ஒஞ் சொந்தக்காரனுக்கு எல்லாம் என் வண்டியாலே? சாவிய வையி."

"ஆரயும் ஏத்தல, முதலாளி" என்ற சவரிமுத்து என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நீங்க நாக்குல வச்சுப் பாத்தியள்லா?"

"பாத்தேம்ல" என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூடுவதற்கு முன் நாரை டிரைவர் நாக்கிலேயே வைக்கச் சொல்வதை வழக்கமாக்கினேன். "என்ன அண்ணாச்சி, பிரசாதமா?" என்று சிரிப்பார்கள். இன்றும் எந்த வண்டியில் ஏறினாலும் என் கை சீட்டின் ஓரத்தையலைத் தடவியபடியே இருக்கிறது. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தைத்து மூடியபின் உள்ளே இருப்பது நமக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

சவரிமுத்து புண் ஆறும் முன்பே உப்பளத்தில் உப்பு வாரப் போனான். தினமும் என் கடை வழியாகத்தான் நொண்டிக்கொண்டே போவான். ஒரு நாளும் நான் அவனைக் கூப்பிடவில்லை.