துரையை அறைந்த கொள்ளுத்தாத்தா

மலேசிய மலையூரான தானா ராத்தாவில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், அறைச் சாவியை வாங்கும்போதே, "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். இதே ஊர்தான் என்றால் திருப்தி வராது. "அதற்கு முன்னால்?" என்பார்கள். கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைக் கற்பனை செய்து ஒரு சிறுகதை எழுதினேன். அதில் அவர் வெள்ளைக்காரத் துரையைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, காட்டுக்குள் போய்ப் புலியோடு வாழ்ந்தார். எழுதி முடித்த அன்று நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை வந்தது. அப்பா அதைச் சாப்பாட்டுக்கடைக்குக் கொண்டுபோய், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

"எங்க தாத்தா துரையையே அறைஞ்சவரு லா!"

"அப்பா, அது நான் விட்ட கதைப்பா."

"பேப்பர்லயே வந்துருச்சு. இனிமே எப்படிடா பொய்யாகும்?"

பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிரிடும் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, விஷயம் எட்டியது. மறுநாளே தன் லோரியில் வந்து இறங்கினார்.

"யாருடா துரைய அடிச்சது? துரையோட நாய் குரைச்சாலே தேயிலைச் செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாராம் எங்க தாத்தா!"

அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"அவ்வளவு பயந்தவரு ஏன் அத்தை ஊருக்குத் திரும்பல?" என்றேன்.

"போகத்தான் பார்த்தாரு. குளிரு தாங்கலன்னு மூட்டையக் கட்டி லோரி ஏறிட்டாரு. மலையிலிருந்து கீழ இறங்குற தாப்பா ரோட்டு வளைவுல குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. இந்தச் சனியன்ல இனிமே ஏற மாட்டேன்னு இறங்கி, கீழ போறதவிட மேல தோட்டந்தான் கிட்டன்னு நடந்தே திரும்பிட்டாரு. அதனாலதான்டா நாம மலேசியாக்காரங்க."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ரோட்டில் பஸ் ஏறினால் எனக்கும் இதே கதிதான். புலியோடு வாழ்ந்தவரிடம் தேடியும் கிடைக்காத என் சாடை, இந்த மனிதரிடம் அப்படியே இருந்தது.

அப்பா மெதுவாகக் கேட்டார்: "அக்கா, எந்த வளைவுல இறங்குனாரு?"

"யாருக்குத் தெரியும்? வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்."

மூவரும் லோரியில் கிளம்பினோம். பாதி வழிகூட ஆகவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்து, ரோட்டோரம் குனிந்தேன். அத்தை முதுகைத் தடவிவிட்டார். அப்பாவும் இறங்கினார். பள்ளத்தாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இந்த இடமாத்தான் இருக்கும்," என்றார்.