நௌசாத் காக்காவின் வியாழன் மடல்

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மாதிரியான நௌசாத் காக்கா காலமான அந்த வியாழக்கிழமை, அசர் தொழுகை முடிந்தும் அவருடைய மடல் வரவில்லையே என்று, அவருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன்: "என்ன காக்கா, செய்தியக் காணல்ல? இரிக்கீங்களா, மௌத்தாகிட்டீங்களா?" அனுப்பிய கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. சாய்ந்தமருது நௌசாத் அவர்கள் வபாத்தானார்கள் என்று மரண அறிவிப்புச் சொன்னது. பதறிக்கொண்டு பதிவை அழிக்கப் போனேன். அந்த அவசரத்தில், இருவருக்கும் அழிகிற பொத்தானை விட்டுவிட்டு எனக்கு மட்டும் அழிகிற பொத்தானை அமுக்கினேன். அது இன்னும் அவருடைய தொலைபேசியில் இருக்கிறது.

மடலைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணக்குச் சார்புகளைக் கோத்துக் கோத்தே நிரல் எழுதுகிற ஒரு கணினி மொழி இருக்கிறது. உலகெங்கும் அதற்கென்று ஒரு கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அந்தக் கிழமை எந்தப் பதிப்பு வெளிவந்தது, படிக்க என்ன, பார்க்க என்ன, யாருடைய சந்தேகத்தை யார் தீர்த்தார் என்பதையெல்லாம் காக்கா தமிழில் எழுதி, வியாழன்தோறும் மின்னஞ்சலில் அனுப்பினார். எனக்கு நிரலும் தெரியாது, கணினியும் தெரியாது. ஆனால் மடலின் தமிழைத் திருத்திக் கொடுத்தவன் நான். இதைக் கல்முனை தொடக்கம் அட்டாளைச்சேனை வரை யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

"அந்த மொழியில அப்பிடி என்ன விசேசம் காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெல்லு ஆலை தெரியும்தானே? ஒரே நெல்லப் போட்டா எப்பவும் ஒரே அரிசி வரணும். ஆலைக்காரன் பொண்டாட்டியோட சண்டை புடிச்சிட்டு வந்தாலும் அரிசி மாறப்படா."

"எங்கட ஊரு ஆலையில அது நடக்காதே."

"அதுக்குத்தான் மொழி கண்டுபுடிச்சாங்க" என்றார்.

இன்னொரு கொள்கையும் அந்த மொழியில் உண்டாம். அதை அவர் அடிக்கடி சொல்வார்: "ஒண்டத் திருத்தணுமெண்டா பழையதுல கை வெக்காத. பக்கத்துல புதுசா இன்னொண்டு உண்டாக்கு. பழையதும் இரிக்கும், புதுசும் இரிக்கும், ஆருக்கும் மனவருத்தம் இல்ல." இதை அவர் மாமியாரிடமே செய்து காட்டினார். காக்கா வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிக்கு நிரல் எழுதியவர். மாமியாரோ, "மருமகன் தொழிலுக்குப் போறல்ல, பொட்டியப் பாத்துச் சிரிச்சிட்டு இரிக்காரு" என்று தெருவெல்லாம் கதைத்திருந்தார். காக்கா அந்தக் கதையில் கை வைக்கவில்லை. மறுநாள் தொடக்கம் காலையில் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக் கடற்கரை வரை நடந்து, திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். "மருமகன் இப்ப தொழிலுக்குப் போய் வாறாரு" என்றார் மாமியார்.

ஒருமுறை அந்த மொழியின் உலகக் கூட்டத்தார் தங்கள் வாராந்தச் செய்தியில் காக்காவின் மடலைப் படிக்க வேண்டியவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். நான் தேநீர்க்கடையில் இருந்த எல்லாருக்கும் வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தேன். ஏதோ எனக்கே பட்டம் கிடைத்த மாதிரி. பிறகு அவர்கள் காக்காவை ஆங்கிலத்தில் எழுதக் கேட்டார்கள். காக்கா சம்மதிக்கவில்லை. "அவங்களுக்கு எழுத ஊருபட்ட ஆக்கள் இரிக்காங்க. எங்கட புள்ளையளுக்கு நான் ஒருத்தன்தான். வியாழக்கிழமை நிக்கப்படா" என்றார். காய்ச்சலில் கிடந்த கிழமையும் மடல் வந்தது.

அப்படிப்பட்ட மடலுக்கு நான் காவல். காக்கா ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: "புதுப் பதிப்பு வந்திரிக்கி. அவசரமாப் போட்டுடாதீங்க, பழைய நிரல் கோவிச்சிக்கும்." நான் அதை, "புதிய பதிப்பு வெளியாகியுள்ளது. பழைய நிரல்கள் செயலிழக்கக்கூடும்" என்று மாற்றினேன். "ஜஸாக்கல்லாஹ் தம்பி, ஒங்கட தமிழ் வேற" என்று நன்றி சொல்லி மெச்சினார். எனக்கு வந்த மடலில் ஓர் எழுத்துப் பிசகாமல் என் வசனமே இருந்தது.

ஜனாஸாவை மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்து முற்றத்தில் இருந்தோம். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். காரைதீவிலிருந்து வந்த சிவநேசன், மடலைப் படித்தே நிரல் கற்று வேலை எடுத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்ன மாதிரி எழுதுவார் ஐயா! பழைய நிரல் கோவிச்சிக்குமாம்." சுற்றி இருந்தவர்கள் அழுகையோடு சிரித்தார்கள். நான் வெட்டிய வசனம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். காக்கா வாயால் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் மடல் நின்றுவிடுமோ என்பதுதான் எல்லாருடைய கவலையும். காக்காவின் மகள் ஷிம்ரா அதற்கு இடம் வைக்கவில்லை. கண் வீங்கியபடியே கணினியின் முன்னால் இருந்து மடலை எழுதினாள். நானும் போனேன். "உன்ட வாப்பாட மடலெல்லாம் ஒண்டு விடாம எங்கிட்ட இரிக்கி புள்ள. இதையும் தா, திருத்தித் தாறன்" என்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மடல்கள்தான். வேறு யாரிடமும் இல்லாத சொத்து என்று பெருமையடித்துக்கொண்டேன்.

"ஓம் சாச்சா, வேற ஆருட்டயும் இல்லதான்" என்றாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். "அனுப்புற பட்டியல் ரெண்டு இரிக்கி. ஒண்டுல எல்லாரும். அவங்களுக்கு வாப்பா எழுதினது அப்பிடியே போகும். நீங்க திருத்தினது மத்ததுக்குப் போகும்."

மற்றப் பட்டியலில் ஒரே ஒரு முகவரி இருந்தது. என்னுடையது.