சந்தனப் பொட்டு வைத்த பெட்டி

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சுரேகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பஞ்சுத் தூசியும் ஏரிக்கரையில் குப்பை எரிக்கிற புகையும் சேர்ந்து அவளைப் பாடாய்ப் படுத்தின. அவள் வீட்டுக்காரன் உத்தமன், பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், காற்றை அளக்கிற பெட்டி ஒன்றை வாங்கி ஹால் சுவரில் மாட்டினான். காற்று கெட்டால் பெட்டி சிவப்பாகிக் கத்தும். பாடியில் இருக்கிற அவன் போனிலும் சிவப்பு வரும். பெண்டாட்டியின் மூச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

இன்ஹேலர் அடிக்கடி அடித்தால் பழகிவிடும் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள். பெட்டி சிவந்தால் மட்டும் அடி என்று அவளுக்குக் கட்டளை போட்டிருந்தான்.

ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணம் கையில் கிடைத்தால் உத்தமன் எதையும் விட்டுவைக்கிற ஆளில்லை. மிக்சி, பிரிட்ஜ், பைக் எல்லாவற்றுக்கும் பொட்டு. பெட்டிக்கு மட்டும் பாசமாகக் குழைத்து, தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தான்.

அன்றிலிருந்து பெட்டி சிவக்கவே இல்லை. தீபாவளிக்குத் தெருவே புகைந்தபோதும் பச்சை. அடுப்பில் மிளகாய் கருகியபோதும் பச்சை. பெட்டி காட்டுகிற தூசி எண் பன்னிரண்டிலேயே நின்றது. சுரேகாவுக்கு முதலில் நிம்மதி, பிறகு பயம். சுவரிலிருந்து அது தன்னையே பார்ப்பது போலிருந்தது. அது பொய் சொல்கிறதா, தன் நெஞ்சு பொய் சொல்கிறதா என்றே அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம் குப்பைப் புகை வீட்டுக்குள் இறங்கி டியூப் லைட்டே மங்கியது. பச்சை மட்டும் பளிச்சென்று எரிந்தது. உத்தமனுக்குப் போன் போட்டாள்.

“நெஞ்சு அடைக்குதுய்யா. ஊடு பூரா பொக.”

அவன் போன் திரையைப் பார்த்தான். “பச்சையாத்தான் கீது. நீ சும்மா பயந்துகினு கீற. கண்ண மூடிப் படு.”

படுத்தாள். அறைக்குள் யாரோ மெல்ல விசில் அடித்தார்கள். அது தன் நெஞ்சுதான் என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. கடைசியில் கோபம்தான் அவளை எழுப்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியை ஓங்கி அறைந்தாள். காய்ந்த சந்தனம் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் காற்று நுழைகிற துளைகள் இருந்தன. பெட்டி சிவந்து அலறியது. சுரேகா இன்ஹேலரைத் தேடிப் பிடித்து வாயில் வைத்தாள்.

பாடியில் அவன் போனும் அலறியது. உத்தமன் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். பிழைத்தாள்.

பெட்டி இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. சிவந்தால் ஜன்னலைச் சாத்தி, இன்ஹேலர் அடித்துவிட்டு, அவள் வேலையைப் பார்க்கிறாள். வெகுநேரம் பச்சையாகவே எரிந்தால்தான் உத்தமனுக்கு வேலை ஓடுவதில்லை. லேத்தை நிறுத்திவிட்டுப் போன் போடுகிறான்.

“ஒண்ணும் பேசாத. போனை நெஞ்சுல வெச்சுக்கோ.”

அவள் வைத்துக்கொள்கிறாள். அவள் மூச்சை அவன் கேட்கிறான்.