கண்மணியின் குண்டு எழுத்து

கண்மணி இறந்துவிட்டார். நேற்று காலை, மாரடைப்பு. தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்...

உறையூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த கண்மணி. அந்தக் கடைக்குப் பல வருடங்கள் வாசகம் எழுதியவன் நான். 'வார்டின் விடிவெள்ளியே' போன்ற பொய்கள் என் பொறுப்பு. அந்தப் பொய் தெருமுனையிலிருந்தே தெரிய வேண்டும் என்பது அவர் பொறுப்பு.

திருச்சிக்காரர்கள் அவர் போர்டுகளில் வரும் அந்தத் தடித்த எழுத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அகலமான தோள், தடித்த உடம்பு. நடு ரோட்டில் படுத்த எருமை மாதிரி, ஹாரன் அடித்தாலும் நகராது. கம்ப்யூட்டரில் அவரே வரைந்த ஃபாண்ட். பெயர் 'குண்டு'.

தமிழ் எழுத்தைத் தடிமனாக்கினால் முதலில் அடைபடுவது உள்ளே இருக்கும் ஓட்டைகள்தான். 'ண' போட்டால் கறுப்புக் கட்டி ஒன்று வந்து நிற்கும். முதல் பிரிண்டை கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார்.

திரும்பி வந்து, "மூணு இட்லியை ஒட்ட வச்ச மாதிரி இருக்கு சார்" என்றார்.

அதன்பிறகு பல மாதங்கள் ஓட்டைகளைப் பெரிதாக்குவதுதான் வேலை. எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது சும்மா நின்றால் விடமாட்டார். "அண்ணே, அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க." உறையூரில் சிலருக்குக் கண்ணாடி தேவை என்பதே அப்படித்தான் தெரியவந்தது.

குண்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு போர்டில் ஒரு வரிதான் அதில் வரும். மற்றதெல்லாம் மெல்லிய எழுத்து. கெஞ்சினாலும் அதேதான், மிரட்டினாலும் அதேதான்.

ஒரு தலைவரின் பிறந்தநாள் போர்டுக்கு ஆள் வந்தார்.

"அண்ணன் பேரை குண்டுல போடுங்க. கீழ எங்க பேரு எல்லாத்தையும் குண்டுலயே போட்ருங்க."

"அப்ப இதுல அண்ணன் யாருங்க?"

"மேல இருக்கிறவருதான்."

"காத்துல போர்டு தலைகீழா தொங்குச்சுன்னா நீங்க தலைவராயிடுவீங்களே. பரவால்லையா?"

வந்தவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வரியே இருக்கட்டுங்க" என்றார்.

'அமைதி காக்கவும்' என்று குண்டில் கேட்டது ஒரு கிளினிக். "இதை மாட்டுனா பேஷண்ட் எந்திரிச்சு ஓடிடுவாருங்க" என்று மெல்லிய எழுத்தில் அடித்துக் கொடுத்தார்.

அப்புறம் காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட ஓர் ஆடி மாதம்... ஸ்ரீரங்கத்தில் அவர் தெருக்காரர்கள் படித்துறைக்கு எச்சரிக்கை போர்டு கேட்டார்கள். நான் மரியாதையாக நாலு வரி எழுதிக் கொடுத்தேன். 'பக்தகோடிகளின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கியது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே சொல்லை வைத்தார். 'ஆழம்'. போர்டு முழுக்க அதுதான்.

"குளிக்க வர்றவங்க கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுத்தானே சார் இறங்குவாங்க."

பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் அது தெரிந்தது. அவர்களுக்கு இறங்கும் உத்தேசம் இல்லாவிட்டாலும்.

நேற்று மதியம் அவருடைய அஞ்சலி போர்டைச் செய்ய உட்கார்ந்தேன். அவர் பெரியப்பா நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நம்ம பேரையும் அந்த குண்டுலயே போட்ருங்க. போட்டோவும் கொஞ்சம் பெருசா."

"கண்மணி பேரு மட்டுந்தாங்க குண்டு. மத்தவங்க பேரெல்லாம் கீழ சின்னதா வருதுங்க."

"குடும்பத்துக்கே பெரியவன் நான். நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"போனது யாருன்னு தெரியணுங்க."

"ஊர்ல வேற கடை இல்லையா?"

"இருக்குங்க. பக்கத்துலயே."

போனார். சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் அவர்கள் தெருமுனையில் இரண்டு போர்டு நின்றன. எங்களுடையதில் 'கண்மணி'. அவருடையதில் பெரியப்பா ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நிற்கிறார், பெயர் அதைவிடப் பெரிது. கண்மணி மேல் மூலையில், பாஸ்போர்ட் சைஸில் இருக்கிறார்.

மற்றதைக் கண்மணியின் தம்பிதான் போனில் சொன்னார். இன்று காலை மாலை கொண்டுவந்த பூக்காரம்மா, வாசலில் பெரியப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். "ஐயா... நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

பெரியப்பாவின் பழைய ஆபீஸ்காரர்கள் போர்டைப் பார்த்துவிட்டு அவர் வீட்டம்மாவுக்குப் போன் போட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுஷன், இவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டாம் என்று ஒருவர் அழுதேவிட்டார். போனை வாங்கி, தான் உயிரோடு இருப்பதைப் பெரியப்பாவே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்த போர்டை அவுத்துட்டேன்."

"சரிங்க ஐயா."

"உங்க போர்டு ஒரு பக்கம் காத்துல ஆடுது. எங்க கயிறு புதுசு. அதை வச்சுக் கட்டிடவா?"

"கட்டுங்க ஐயா. இறுக்கிக் கட்டுங்க."

மதியம் எடுக்கிறார்கள். வருகிறவர்கள் யாரிடமும் வீடு கேட்க வேண்டாம், தெருமுனையிலேயே அவர் பெயர் தெரியும்.

போய் வாருங்கள், கண்மணி.